வலியறிதலும் இடனறிதலும்: பின்சக்கர இயக்க வண்டிகளின் பிடிமானம் பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஆதிச்சநல்லூரின் தொல்பழம் பரம்பை ஒட்டிச் செல்கின்றது. 1876ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் யாகோர் கண்டதும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்ததும், 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் ஆய்ந்ததும் இப்பரம்பேயாகும். தாழிகள் புதைக்கப்பட்ட அம்மேடு சரளைக் கல் நிறைந்த வன்னிலம். அதன் அருகே தாமிரபரணி பாயும் நெல்வயல்களோ வண்டல் படிந்த மென்னிலம். கிழக்கே செல்லச் செல்ல மண்ணின் நிறமும் குணமும் மாறிக்கொண்டே வருகின்றன. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்கள். திருச்செந்தூருக்குத் தெற்கே செந்நிறத் தேரி மணல். அதற்கப்பால் முத்துக் குளித்த கடல். சரளை, சேறு, மணல், உவர்நிலம் என்னும் நால்வகைத் தரையையும் ஒரே முற்பகலில் ஒரு வண்டி கடந்துவிட இயலும்.

இந்நிலப்பரப்பில் உப்பு, மீன், வாழைத்தார், கருப்பட்டி ஆகியவற்றைச் சுமந்தோடும் லாரிகளும் லோடு வண்டிகளும் பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் உடையவை. துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டகம் இழுத்துச் செல்லும் பெருவண்டிகளும் அத்தகையனவே. இவை எந்தத் தரையில் எவ்வளவு பிடித்து நிற்கும், எப்பொழுது கைக்கு அடங்கும், எப்பொழுது அடங்காது என்பதை அறிவது பொறியியல் மாணவர்க்கு மட்டும் உரிய பாடமன்று. வண்டி ஓட்டுவோர் இல்லாத வீடு இன்று அரிது. ஆகவே, இவ்வண்டிகளின் பிடிமானத்தை இயற்பியல் நோக்கில் விளக்கி, நம் இலக்கியங்கள் சக்கரத்தையும் நிலத்தையும் பற்றிக் கூறியுள்ள கருத்துகளோடு அதனை ஒப்புநோக்க இக்கட்டுரை முற்படுகின்றது.

இலக்கியத்தில் சக்கரமும் நிலமும்

சங்கச் சான்றோர் வண்டியைப் பாடியபோதெல்லாம் அது செல்லும் தரையையும் சேர்த்தே பாடியுள்ளனர். புறநானூற்று 102ஆம் பாடலில் ஒளவையார், உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கத்தைக் குறிக்கின்றார். எருதுகள் இளையன, பாரமோ மிகுதி, வழி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாரறிவார் என்பதே அவர்கள் காட்டிய முன்னெச்சரிக்கைக்குக் காரணம். இன்றைய லோடு வண்டியில் ஏற்றிச் செல்லும் ஸ்டெப்னி டயர் அந்தச் சேம அச்சின் வழித்தோன்றல் எனலாம்.

அதே புலவர் 90ஆம் பாடலில், பண்டம் ஏற்றிய வண்டி அச்சளவும் ஆழ்ந்துவிட்ட நேரத்தில், மணல் பரக்கவும் கல் பிளக்கவும் அடியெடுத்து வைத்து அதனை மீட்கும் பெருமித எருதைக் காட்டுகின்றார். தொண்டைமான் இளந்திரையன் பாடிய 185ஆம் பாடல், ஆட்சியை வண்டிக்கு ஒப்பிடுகின்றது. செலுத்துவோன் திறமுடையவனாயின் வண்டி இடையூறின்றிச் செல்லும். தேர்ச்சி இல்லாதவனாயின் சேற்றில் அழுந்தும் என்பது அதன் கருத்து. ஓர் அரசன் தன் தொழிலை விளக்குவதற்கு ஓட்டுநரின் தொழிலைத் தேர்ந்தெடுத்தான் என்பது நினைந்து மகிழத்தக்கது.

நம் வட்டாரத்துக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. அகநானூற்று 130ஆம் பாடலில் வெண்கண்ணனார் கொற்கைத் துறையைப் பாடுகின்றார். அலைகள் கரையில் ஒதுக்கிய முத்துகள், பாண்டியனின் தேர்க் குதிரைகளின் காலை வடுப்படுத்தி அவற்றின் நடையைத் தடுத்தன என்கின்றார். கொற்கையின் வளத்தைக் காட்ட எழுந்த காட்சி இது. ஆயினும், இதனுள் ஓர் இயற்பியல் உண்மையும் அடங்கியுள்ளது. குதிரை எத்துணை விரைவுடையதாயினும், குளம்புக்கும் தரைக்கும் இடையே உருண்டையான சிறுபொருள்கள் கிடந்தால் அதன் வலிமை பயன்படாது. தார்ச்சாலையில் சிந்திக் கிடக்கும் ஜல்லிக்கற்கள் இன்று மோட்டார் வண்டிக்குச் செய்வதும் இதுவேயாகும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மாட்டு வண்டியிலும் தேரிலும் சக்கரம் உருள மட்டுமே செய்யும். தரையை உதைத்து வண்டியை நகர்த்துவது விலங்கின் குளம்பு. மோட்டார் வண்டியிலோ சக்கரமே குளம்பாகவும் அமைந்துவிட்டது. பாரத்தைத் தாங்குவதும், தரையைப் பின்னுக்கு உதைத்து வண்டியை முன்னுக்குச் செலுத்துவதும், பக்கவாட்டில் சரியாமல் பிடித்துக்கொள்வதும் அதன் கடமைகள். மூன்று தொழிலை ஒருவன் செய்யும்போது எழும் நெருக்கடியே பிடிமானச் சிக்கலின் வேர்.

பின்சக்கர இயக்கத்தின் வரலாறு

1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டி பின்சக்கரங்களால் இயங்கியது. திருப்புவது முன்சக்கரம், தள்ளுவது பின்சக்கரம் என்னும் அப்பங்கீடு பல்லாண்டு நிலைத்தது. 1934இல் பிரான்சு நாட்டின் சிட்ரோயன் நிறுவனம் முன்சக்கர இயக்கக் காரைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியபின், சிறிய கார்கள் மெல்ல மெல்ல அவ்வழிக்கு மாறின. நம் நாட்டில் அம்பாசடரும் பிரிமியர் பத்மினியும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. 1983இல் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர இயக்கத்தை நடுத்தரக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்திற்று. அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. எனினும் பாரம் சுமக்கும் வண்டிகள் பின்சக்கர இயக்கத்தைக் கைவிடவில்லை. சுமை பின்புறம் ஏறும். சுமை ஏறிய சக்கரம் தரையை நன்கு அழுத்தும். அழுத்தும் சக்கரமே நன்கு உதைக்கும் என்பதே இதற்குரிய காரணம்.

2005இல் வெளிவந்து தமிழகமெங்கும் "குட்டியானை" என்று பெயர் பெற்ற டாடா ஏஸ் வண்டியும் பின்சக்கர இயக்கமுடையது. தொடக்கத்தில் அதன் எஞ்சின் இரண்டு சிலிண்டரும் 16 குதிரைத்திறனும் கொண்டிருந்தது. இதன் மறு எல்லையை ஆஸ்திரேலியாவில் காணலாம். அங்கு, ஞாயிறன்று குடும்பத்தோடு தேவாலயம் செல்லவும் திங்களன்று சந்தைக்குச் சரக்கேற்றவும் பயன்படும் வண்டி வேண்டுமென ஓர் உழவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்கு எழுதிய மடலே தூண்டுதலாக, 1934இல் லூயிஸ் பாண்ட் என்பார் வடிவமைத்த கார் முகமும் சரக்குத் தட்டும் கொண்ட வண்டி வெளிவந்தது. மக்கள் அதனை "யூட்" என்றழைத்தனர். காலப்போக்கில் எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டி, 400 குதிரைத்திறனையும் கடந்த யூட்கள் அந்நாட்டில் ஓடின. 2017இல் ஹோல்டன் நிறுவனத்தின் கார் உற்பத்தி அங்கு முடிவுற்றபோது அவ்வரிசையும் முடிந்தது. கனமான எஞ்சின் முன்னே, வெறுந்தட்டு பின்னே, தள்ளும் வேலையோ பின்சக்கரத்துக்கு என்பதால், ஈரச்சாலையில் அவற்றை அடக்குவது திறமைக்குரிய செயலாகக் கருதப்பட்டது. 16 குதிரைத்திறன் கொண்ட குட்டியானைக்கும் 400 குதிரைத்திறன் கொண்ட யூட்டுக்கும் பொதுவான விதி ஒன்றே. அதனை அடுத்துக் காண்போம்.

வினைவலியும் துணைவலியும்

திருக்குறளின் 48ஆம் அதிகாரம் வலியறிதல். செய்யும் வினையின் வலிமை, தன் வலிமை, எதிர்நிற்பவன் வலிமை, துணையாவார் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கியே செயலில் இறங்கவேண்டும் என்பது அதன் முதற்குறள் தரும் கருத்து. வண்டிக்கு இதனைப் பொருத்துவோமாயின், வினைவலி என்பது செல்லவேண்டிய வழியும் சுமையும். தன்வலி என்பது எஞ்சின். மாற்றான் வலி என்பது மழை, மணல், வளைவு. துணைவலி என்பது டயரும் தரையும் ஆகும். பலரும் தன்வலி ஒன்றையே எண்ணி மகிழ்கின்றனர். துணைவலியே வண்டியை நகர்த்துகின்றது.

உராய்வு பற்றிய விதிகளை 1699இல் அமோந்தோனும் 1785இல் கூலும் என்பாரும் வகுத்துரைத்தனர். ஒரு சக்கரம் தரையை உதைக்கக்கூடிய பெரும விசை, அச்சக்கரத்தின் மீது நிற்கும் எடையை உராய்வுக் கெழுவால் பெருக்கக் கிடைப்பது. ரப்பர் டயருக்கு இவ்விதி தோராயமாகவே பொருந்துமெனினும் நம் கணக்குக்கு அது போதும். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்கு இக்கெழு ஏறத்தாழ 0.8, நனைந்த சாலையில் 0.4 அளவுக்கு இறங்கக்கூடும். மண்ணும் ஜல்லியும் படிந்த இடத்தில் அதனினும் குறையலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வெற்று எடை 1,600 கிலோ உள்ள லோடு வண்டி ஒன்றை எண்ணிக்கொள்க. எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னே இருப்பதால் பின் அச்சின் மேல் நிற்பது 640 கிலோ மட்டுமே எனக் கொள்வோம். நனைந்த சாலையில் பின்சக்கரங்கள் தரக்கூடிய தள்ளுவிசை 640ஐ 0.4ஆல் பெருக்க 256 கிலோ. அவ்வண்டியின் எஞ்சின் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டருக்கு 320 கிலோ விசையும், முதற் கியரில் 850 கிலோ விசையும் சக்கரத்துக்கு அனுப்ப வல்லதாக இருப்பின் நிகழ்வது யாது? தரை ஏற்பது 256. மிகுந்த விசை முழுவதும் சக்கரத்தை வீணே சுழற்றும். சுழலத் தொடங்கிய டயரின் பிடி முன்னிருந்ததைவிடவும் குறையும்.

அதே வண்டியில் 1,200 கிலோ உப்பு மூட்டைகளை ஏற்றுவோம். அவற்றுள் 1,100 கிலோ பின் அச்சின்மேல் இறங்கினால் அங்கு நிற்கும் எடை 1,740 கிலோ. அதே ஈரச்சாலையில் தள்ளுவிசை 696 கிலோவாக உயர்கின்றது. இதனின்றும் பெறப்படும் உண்மை பலர் எண்ணுவதற்கு மாறானது. மழைநாளில், பாரத்தோடு செல்லும் வண்டியைவிட, பாரத்தை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும் வண்டியின் பின்புறமே எளிதில் வழுக்கும். பாரத்தோடு செல்கையில் ஓட்டுநர் இயல்பாகவே நிதானமாக ஓட்டுகின்றார். திரும்புகையில் வண்டி இலேசாக இருக்கின்றது, மனமும் இலேசாக இருக்கின்றது, கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகின்றது. விபத்துக்கு வழி அங்கே திறக்கின்றது.

இதனால் அளவுக்கு மீறிச் சுமையேற்றுவது நன்று எனக் கொள்ளலாகாது. எடை மிகுந்தால் நிற்கும் தொலைவும், பிரேக்கின் வெப்பமும், கவிழும் இடரும் மிகும். மென்மையான மயிற்பீலியாயினும் அளவுகடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முரியும் என 475ஆம் குறள் இவ்வதிகாரத்திலேயே எச்சரிக்கின்றது.

வரவும் செலவும்

வலியறிதல் அதிகாரத்தின் 478ஆம் குறள் பொருளாதாரம் பேசுகின்றது. வருவாய் சிறிதாயினும், செலவு அதனைத் தாண்டாதவரை கேடில்லை என்கின்றது. டயரின் பிடிமானத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான உவமை கிட்டுவது அரிது. ஒரு டயருக்குத் தரை வழங்கும் பிடி, மாதச் சம்பளம் போன்ற ஒரு குறிப்பிட்ட தொகை. முன்னுக்குத் தள்ளுவதற்கோ, பிரேக் பிடிப்பதற்கோ, வளைவில் பக்கவாட்டில் தாங்குவதற்கோ அத்தொகையைச் செலவிடலாம். எல்லாச் செலவையும் ஒரே நேரத்தில் முழுமையாகச் செய்ய இயலாது.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவைக் கருதுவோம். சாய்வு அமைக்கப்படாத காய்ந்த சாலையில் அதனைச் சுற்றிவரக்கூடிய பெரும வேகம் மணிக்கு ஏறத்தாழ 71 கி.மீ. நனைந்தால் அது 50 கி.மீ. ஆகக் குறையும். நனைந்த அவ்வளைவில் ஓர் ஓட்டுநர் 45 கி.மீ. வேகத்தில் செல்கின்றார் எனில், தம் டயரின் பிடியில் 80 விழுக்காட்டைப் பக்கவாட்டுத் தாங்குதலுக்கே செலவிட்டுவிட்டார். இரண்டு செலவும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் நிகழ்வதால், செங்கோண முக்கோணக் கணக்குப்படி மற்றத் திசைக்கு எஞ்சுவது 60 விழுக்காடு. மேலே கண்ட வெற்று வண்டியில் அது 154 கிலோ விசை மட்டுமே. அந்நிலையில் முன்செல்லும் வண்டியை முந்த எண்ணிக் கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், இருப்பைக் கடந்து காசோலை எழுதியவன் கதையாகும்.

முன்சக்கர இயக்க வண்டியில் இவ்வாறு நிகழ்ந்தால் முன்புறம் நழுவும். வண்டி திருப்பிய அளவுக்குத் திரும்பாது வளைவுக்கு வெளியே நேராகச் செல்ல முயலும். பின்சக்கர இயக்க வண்டியிலோ பின்புறம் வெளிப்பக்கமாக வீசும்; வண்டி திருப்பிய அளவுக்கும் மேலாகத் திரும்பும். நம் ஓட்டுநர்கள் "பின்னாடி தூக்கி எறியுது" என்று கூறுவது இந்நிலையையே. கவனிக்காது விட்டால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு எதிர்த்திசையைப் பார்த்து நிற்கும்.

எடை இடம் மாறுதலையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். வேகம் கூடும்போது வண்டியின் எடையில் ஒரு பங்கு பின்னே சாய்கின்றது. வேகம் குறையும்போது முன்னே சாய்கின்றது. பிரேக் பிடிக்கையில் வண்டியின் மூக்கு தாழ்வதை எவரும் கண்டிருப்பர். ஆகவே, வளைவின் நடுவே அஞ்சிப் பிரேக்கை அழுத்தினால், ஏற்கெனவே இலேசான பின்சக்கரங்கள் மேலும் இலேசாகிப் பிடியை இழக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பதும் சிறிய அளவில் அதே விளைவைத் தரும்.

பின்புறம் வீசத் தொடங்கினால் செய்யத்தக்கது யாது? ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்துக, பிரேக்கைத் தொடற்க, வண்டி செல்லவேண்டிய திசையில் கண்ணை வைத்து, பின்புறம் எப்பக்கம் சரிகின்றதோ அப்பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புக, வண்டி நேராகத் தொடங்கியவுடன் ஸ்டீயரிங்கையும் நேராக்குக. இதனை நூலில் படித்து அறிவது தொடக்கம் மட்டுமே. வல்லாரிடம் வெற்றுத் திடலில் பயின்றாலன்றிக் கை அதனைச் செய்யாது. எனவே எல்லாரும் எளிதில் கைக்கொள்ளக்கூடிய நெறி ஒன்றுண்டு. வளைவுக்கு முன்னரே, வண்டி நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிடுக; வளைவில் சீராகச் செல்க; வளைவு முடிந்து சக்கரம் நேரானபின் வேகம் கூட்டுக. மூன்று செலவுகளையும் மூன்று வேளையில் செய்தால் வருவாய் போதுமானதாகும்.

காலமறிதல்

வலியறிதலை அடுத்து வள்ளுவர் வைத்தது காலமறிதல். தன்னினும் வலிய கூகையைக் காக்கை பகற்பொழுதில் வென்றுவிடும் என்பது அதன் முதற்குறள் காட்டும் உண்மை. சாலையிலும் அதே வண்டி, அதே வளைவு, அதே ஓட்டுநர். காலம் மாறினால் வெற்றி கைமாறும்.

நீண்ட கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழை தனியாக அஞ்சத்தக்கது. பலநாள் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர்த் துகளும் முதல் தூறலில் குழைந்து, சாலையின்மேல் வழவழப்பான படலமாகின்றன. மழை வலுத்துப் பெய்து அவற்றைக் கழுவிய பின்னரே சாலை ஓரளவு பிடி தரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, காய்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு ஏறத்தாழ 18 மீட்டர் தேவை. கெழு பாதியானால் தொலைவு இரட்டித்து 35 மீட்டராகும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குச் செல்லும் ஒரு நொடியில் கடந்துவிடும் 17 மீட்டர் இதனின் வேறானது.

நீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும்போது டயர் நீரை ஒதுக்கமுடியாமல் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். அப்பொழுது பிடி ஏறத்தாழ முற்றிலும் அற்றுப்போகும். டயரில் உள்ள வெட்டுகள் அழகுக்காக இடப்பட்டவை அல்ல. நீர் வெளியேறும் வாய்க்கால்கள் அவை. கார் டயரின் வெட்டுகளுக்கிடையே 1.6 மி.மீ. உயரத்தில் தேய்மானக் குறி இருக்கும். டயர் அதனளவு தேய்ந்துவிட்டால் வாய்க்கால் தூர்ந்துவிட்டது எனக் கொள்ளவேண்டும். மொட்டை டயரோடு கார்த்திகை மழையில் செல்வது வடிகாலற்ற வயலில் நாற்று நடுவதற்கு ஒப்பாகும்.

மழையின் வலிமையை நம் மாவட்டம் 2023 டிசம்பரில் கண்டது. 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில், செந்தூர் விரைவு வண்டி ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தாமிரபரணிக் கரையூர்கள் பல சாலைத் தொடர்பை இழந்தன. ஓடும் வெள்ளம் முப்பது செ.மீ. ஆழமிருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், அறுபது செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துச் செல்லும். நீர் வண்டியைத் தூக்கும்போது சக்கரத்தின்மேல் நிற்கும் எடை குறைகின்றது. எடை குறையப் பிடியும் குறைகின்றது. எஞ்சின் எத்துணைப் பெரிதாயினும் இக்கணக்கில் அதற்கு இடமில்லை. தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடும்போது திரும்பிச் செல்வதே அறிவுடைமை.

இடனறிதல்

ஐம்பதாம் அதிகாரமாகிய இடனறிதலில் இரண்டு குறள்கள் நம் பொருளுக்கு நேரே பொருந்துகின்றன. வலிய சக்கரங்களுடைய நெடுந்தேர் கடலில் ஓடாது என்பது 496ஆம் குறளின் கருத்து. வேல் வீரரை எதிர்த்த ஆண்யானையும், கால் புதையும் சேற்றில் சிக்கினால் நரியால் கொல்லப்படும் என்பது 500ஆம் குறளின் கருத்து. வலிமைக்குக் குறைவில்லை, நின்ற இடம் கைவிட்டது. குட்டியானைக்கும் விதி இதுவே.

உப்பளப் பாத்திகளுக்கிடையே செல்லும் மண்பாதைகளும் குளத்தங்கரை வழிகளும் காய்ந்தால் இறுகியும் நனைந்தால் குழைந்தும் நிற்கும் இயல்பின. அங்கு ஒரு சக்கரம் சேற்றில் இறங்கினால், அது மட்டும் வேகமாகச் சுழல, மறுபக்கச் சக்கரம் அசையாது நிற்பதைக் காணலாம். இதற்குக் காரணம் பின் அச்சின் நடுவேயுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு. வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுதியான தொலைவு ஓடவேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல அவ்வமைப்பு இடந்தருகின்றது. ஆனால் அது இரு சக்கரங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறுக்குவிசையையே பகிர்ந்தளிக்கும். வழுக்கும் சக்கரம் ஏற்கும் சிறிய விசைக்குமேல் மறுசக்கரத்துக்கும் கிடைக்காது. ஆகவே ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சேற்றில் உள்ள சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். இருபுறமும் ஒன்றாகச் சுழலுமாறு பூட்டும் அமைப்பு சில வண்டிகளில் மட்டும் உண்டு. அது இல்லாதோர் சக்கரத்தின் முன்னுள்ள சேற்றை அகற்றி, சாக்கு, கல், பனைமட்டை போன்றவற்றை இட்டு, இரண்டாம் கியரில் மெல்ல எடுத்தல் வேண்டும். முதற் கியரின் மிகுவிசையே இங்குப் பகையாகும் என்பதை முன்னர்க் கண்ட கணக்கு விளக்கும்.

தேரி மணலில் வேறொரு சூழ்ச்சி தேவை. டயர் தரையைத் தொடும் பரப்பு, அதன்மேல் நிற்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைக்கும். 400 கிலோ தாங்கும் டயரில் 30 பவுண்டு காற்றிருந்தால் அப்பரப்பு 190 சதுர செ.மீ. அளவினது, விரித்த உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. காற்றைப் பாதியாக்கினால் பரப்பு இருமடங்காகி, டயர் மணலில் புதையாது பரந்து நிற்கும். ஒட்டகத்தின் அகன்ற பாதம் பாலையில் பயன்படுவதும் இவ்வாறே. மணலில் சீரான மெதுவேகத்தோடு, திடுமெனத் திருப்பாமலும் நிறுத்தாமலும் செல்லவேண்டும். சிக்கினால் ஆக்சிலரேட்டரை உறுமவிடாது வந்த தடத்திலேயே பின்வாங்குவது நன்று. தார்ச்சாலையை அடைந்ததும் மறவாது மீண்டும் காற்றடைத்தல் வேண்டும். காற்றுக் குறைந்த டயர் விரைவோட்டத்தில் சூடேறி வெடிக்கும்.

கருவி தரும் துணை

அறிவியல் இன்று ஓட்டுநருக்குப் பல துணைகளை வழங்கியுள்ளது. பிரேக் பிடிக்கையில் சக்கரம் முற்றிலும் நின்று வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. சுழலும் சக்கரத்தின் விசையைத் தானே குறைக்கும் அமைப்பும், வண்டி சுற்றத் தொடங்கினால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக்கிட்டு நேராக்கும் அமைப்பும் பல வண்டிகளில் உள்ளன. இவை அனைத்தும் தரை தரும் பிடியைச் சிக்கனமாகச் செலவிட உதவுவனவே தவிர, அதனைக் கூட்டித் தருவன அல்ல. மேலும், நம் சாலைகளில் ஓடும் பழைய லோடு வண்டிகள் பலவற்றில் இத்துணைகள் இல்லை. அங்கு ஓட்டுநரின் பாதமே அவ்வேலை அனைத்தையும் செய்தாகவேண்டும்.

2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மின்மோட்டார், நின்ற நிலையிலிருந்தே தன் முறுக்குவிசை முழுவதையும் தரவல்லது; எஞ்சினைப்போல் வேகம் பிடிக்கக் காத்திருப்பதில்லை. மின்வண்டி ஓட்டப்போகும் தலைமுறைக்குப் பிடிமானப் பாடம் இன்னும் இன்றியமையாததாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் உண்மைகள் பெறப்படுகின்றன. எஞ்சினின் ஆற்றல் எத்துணையாயினும், தரையும் டயரும் ஏற்கும் அளவே அது பயன்படும். பின்சக்கர இயக்க வண்டி பாரத்தோடு பிடித்து நிற்கும். வெறுமையில், அதிலும் மழையில், எளிதில் பின்புறம் வீசும். தள்ளுதல், நிறுத்துதல், திரும்புதல் ஆகிய மூன்றும் ஒரே சேமிப்பிலிருந்து செலவாகின்றன. அவற்றைத் தனித்தனியே செய்வோர் இடரின்றிச் செல்வர். சேற்றிலும் மணலிலும் மிகுவிசை பகையாகும், நிதானமே துணையாகும்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். அவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை. இன்று பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும் ஒவ்வோர் இளைஞனும், படைத்தலைவர்க்கும் கிட்டாத குதிரைத்திறனைத் தன் வலக்காலின் கீழ்ப் பெறுகின்றான். அவன் பின்னே அமர்ந்திருப்போர் அவனுடைய தாயும் தங்கையும். எதிரே வருவோர் பிறிதொரு வீட்டின் பிள்ளைகள். புதிதாக வண்டி வாங்கும் மாணவர்க்கு அதன் விலையையும் வேகத்தையும் கேட்டு மகிழும் பெரியோர், டயரின் வெட்டு எவ்வளவு உள்ளது, காற்று எவ்வளவு உள்ளது, மழையில் வளைவை எப்படி எடுக்கின்றாய் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்பாராயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகும்.